சுவருக்கு எந்த சைஸ், கைக்கு எந்த சைஸ்? பிரிண்ட் அளவு பற்றி ஒரு விவாத இழை

#1 வெள்ளைச்சுவர்

கையில் இருப்பது ரெண்டு வகைப் படம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது (6000×4000), போனில் எடுத்த 12 மெகாபிக்சல் (4032×3024). வேலை மூணு:

ஹாலில் சோஃபாவுக்கு மேலே மாட்ட ஒரு பெரிய படம். சோஃபா 7 அடி நீளம்.
சொந்தக்காரங்க கையில் கொடுக்கப் பத்துப் பதினஞ்சு படம். அதில் ஒண்ணு 12 பேர் ஒரே வரிசையா நிற்கிற குரூப் போட்டோ.
கடைசியா ஒரு ஆல்பம்.

பிரிண்ட் போடுற லேபோட பட்டியலில் 4×6 இன்ச்சில் ஆரம்பிச்சு 24×36 வரைக்கும் போகுது. 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) இல்லாம எதையும் பிரிண்டுக்கு அனுப்பாதேன்னு எங்க பார்த்தாலும் எழுதியிருக்கு. அந்தக் கணக்குப்படி 6000×4000 படம் 20×13 இன்ச்சோட நின்னுடுது. அப்போ 24×36ஐ மறந்துட வேண்டியதுதானா?

#2 மூணுக்குரெண்டு

டிபிஐயை அப்புறம் பார்ப்போம். முதல்ல வடிவம். பிரிண்ட் வாங்கினவங்க புலம்பலில் பெரும்பாதி "படம் மங்கலா வந்துச்சு" இல்லை, "தலை வெட்டுப்பட்டுச்சு"தான்.

உங்க கேமரா படம் 3:2. அது 36×24 மில்லிமீட்டர் ஃபிலிமோட வந்த வடிவம். 1925ல் விற்பனைக்கு வந்த லைக்கா அதைப் பரப்பிச்சு, டிஜிட்டலும் அப்படியே எடுத்துக்கிச்சு. உங்க போன் படம் 4:3. இந்த ரெண்டுக்கும் வெட்டே இல்லாம உட்காரும் சைஸ் இவ்வளவுதான்:

3:2 படத்துக்கு 4×6, 6×9, 8×12, 12×18, 16×24, 20×30, 24×36.
4:3 படத்துக்கு 6×8, 9×12, 12×16, 18×24.

5×7, 8×10, 11×14, 16×20 நாலும் ரெண்டுக்குமே பொருந்தாது. 8×10 பழைய பெரிய தகட்டுக் கேமராக்களோட வடிவம். ஃபிரேம் கடையில் இன்னிக்கும் அதுதான் அதிகம் தொங்குது, அதனால ஃபிரேமை முதல்ல வாங்கிட்டுப் படத்தை அதுக்குள்ள திணிக்கிறாங்க.

எவ்வளவு போகும்னு பாருங்க. 3:2 படத்தை 8×10ல் நிரப்பினா 12 இன்ச் நீளத்தில் 2 இன்ச் காலி, ஆறில் ஒரு பங்கு. உங்க குரூப் போட்டோவில் 12 பேர், 8×12ல் ஆளுக்கு ஒரு இன்ச். அதையே 8×10ல் போட்டா ஓரத்தில் நிற்கிற ரெண்டு பேர் படத்திலேயே இருக்க மாட்டாங்க. யார் அந்த ரெண்டு பேர்ங்கிறதைப் பொறுத்து அடுத்த விசேஷத்துக்கு உங்களைக் கூப்பிடுவாங்களான்னு தெரியும்.

5×7 கொஞ்சம் சாது. 7.5 இன்ச் இருக்க வேண்டிய இடத்தில் 7, அரை இன்ச்தான் போகும். போனில் படுக்கையா எடுத்த 4:3 படத்தை 4×6ல் போட்டா உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போகும். முழு ஆள் நிற்கிற படத்தில் அது சரியா உச்சியும் பாதமும்தான்.

#3 ஒளிமானி

மூணுக்குரெண்டு வடிவத்தைச் சொல்லிவிட்டார். நான் தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் திருத்தம். டிபிஐ என்பது பிரிண்டர் ஓர் இன்ச்சில் தெளிக்கும் மைப்புள்ளிகளின் எண்ணிக்கை. உங்கள் படத்தின் எத்தனை பிக்சல் ஓர் இன்ச் காகிதத்தில் விழுகிறது என்பது பிபிஐ. நாம் கணக்குப் போட வேண்டியது பிபிஐயை மட்டுமே. ஃபைலுக்குள் 72 என்றோ 300 என்றோ எழுதியிருப்பது வெறும் குறிப்பு. பிக்சல் எண்ணிக்கை மாறாதவரை அதை மாற்றியதால் படம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

300 எங்கிருந்து வந்தது? சராசரிப் பார்வை உள்ள கண், கோண அளவில் ஒரு நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். அதை இன்ச் கணக்குக்கு மாற்றினால் ஒரு சுலபமான வாய்ப்பாடு கிடைக்கிறது: 3438ஐப் பார்க்கும் தூரத்தால் (இன்ச்சில்) வகுத்தால் தேவையான பிபிஐ.

1 அடி தூரம்: 286
2 அடி: 143
3 அடி: 95
5 அடி: 57

கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கான எண்தான் 300. அதை எல்லாப் படத்துக்கும் விதியாக்கியதில்தான் குழப்பம். உங்கள் 6000×4000 படம் 16×24ல் 250 பிபிஐ, 20×30ல் 200, 24×36ல் 167. சோஃபாவுக்கு மேல் மாட்டும் படத்தை யாரும் 3 அடிக்குள் வந்து பார்க்க முடியாது, சோஃபாவே தடுத்துவிடும். அங்கே 167 தாராளம்.

#4 நுண்புள்ளி

வாய்ப்பாடு சரி. முடிவை அவ்வளவு சீக்கிரம் ஏற்க மாட்டேன்.

ஒரு நிமிடக் கோணம் என்பது சராசரி. கூரிய கண் அதற்கு மேலும் பார்க்கும். அதனால் வாய்ப்பாடு தரும் எண்ணை அடித்தளமாக வைத்து, முடிந்தால் அதன் இரண்டு மடங்குக்குக் குறிவையுங்கள். இரண்டாவது, ஆட்கள் கிட்டே போவார்கள். முகம் தெரிகிற படமாக இருந்தால் விரலை வைத்தே காட்டுவார்கள். நடைவழி, மாடிப்படி, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கச் சுவர் இங்கெல்லாம் தூரம் 2 அடிதான், ஆகவே 240க்குக் கீழே இறங்க வேண்டாம். சோஃபா தடுக்கிறது என்கிற வாதம் சோஃபா இருக்கும் வரைக்கும் செல்லும்.

மூன்றாவதுதான் முக்கியம். படத்தில் என்ன இருக்கிறது? மூடுபனி, வானம், மங்கிய பின்னணியோடு ஒரு முகம் என்றால் 120 பிபிஐயிலும் குறை தெரியாது. இலை அடர்ந்த மரம், கோபுரச் சிற்பம், துணியின் நெசவு, எழுத்து இருக்கும் பலகை என்றால் 200க்குக் கீழே உடனே தெரியும்.

பிக்சல் கணக்கு படத்தின் தரத்தைச் சொல்வதும் இல்லை. கை லேசாக ஆடிய 24 மெகாபிக்சல் படம் 8×12ல் பளிச்சென்று இருக்கும், 20×30ல் கண் இமைகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். அனுப்புவதற்கு முன் திரையில் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி முக்கியமான இடத்தில் ஃபோகஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணில் இல்லாமல் காதில் ஃபோகஸ் விழுந்திருந்தால் 8×12ஐத் தாண்டாதீர்கள்.

#5 ஒளிமானி

மூன்றாவதை முழுதாக ஏற்கிறேன். இரண்டு மடங்கு என்பதைச் சுவர்ப் படத்துக்கு ஏற்கவில்லை. அப்படிப் பார்த்தால் 24×36ல் 3 அடிக்கு 190 பிபிஐ வேண்டும், இவரிடம் 167 இருக்கிறது. அந்த 23க்காகப் படத்தை 20×30க்குக் குறைத்தால் சுவர்தான் வெறிச்சென்று இருக்கும். கூர்மை குறைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். படம் சின்னதாக இருப்பது உள்ளே நுழைந்ததும் தெரியும்.

#6 கட்டையும்கண்ணாடியும்

சுவர்க் கணக்குக்கு வரேன். படம் மட்டும் இல்லீங்க, ஃபிரேமோட வெளி அளவுதான் சுவரில் தெரியப்போற அளவு.

கீழே இருக்கிற சோஃபா நீளத்தில் பாதிக்கு மேல, முக்கால் பங்குக்குள்ள இருந்தா பொருத்தமா இருக்கும். 7 அடின்னா 84 இன்ச். அப்போ 42ல் இருந்து 63 இன்ச் வரைக்கும், மூணில் ரெண்டு பங்கு 56.

தனிப்படமா போட்டா: 24×36 பிரிண்ட், சுத்தி 3 இன்ச் மவுண்ட் அட்டை (படத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வர்ற, ஜன்னல் வெட்டின அட்டை), கண்ணாடி 30×42. முக்கால் இன்ச் ஃபிரேம் கட்டையில் கால் இன்ச் கண்ணாடி மேல ஏறும், அரை இன்ச் வெளியே நிற்கும். மொத்தம் 31×43. கீழ் வரம்பைத் தொட்டாச்சு. அதையே 20×30ல் போட்டா வெளி அளவு 27×37, பாதிகூட வரலை. 16×24 போட்டா தபால்தலை ஒட்டின மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடிச்ச வழி வேற. 12×18 பிரிண்ட் மூணு, நட்டுக்குத்தா. ஒவ்வொண்ணும் 18×24 ஃபிரேமில். இந்த ஜோடி ஏன்னா நாலு பக்கமும் மவுண்ட் சரியா 3 இன்ச் வரும். 8×12க்கு 12×16 ஃபிரேம் போட்டாலும் அப்படித்தான், நாலு பக்கமும் 2 இன்ச். 8×10க்கு 11×14 ஃபிரேம் போடுறாங்களே, அதில் ஒரு பக்கம் ஒன்றரை, இன்னொரு பக்கம் ரெண்டு. ஏன் உறுத்துதுன்னு தெரியாமலே உறுத்தும். மூணு ஃபிரேம் தலா 19 இன்ச், நடுவில் ரெண்டரை இன்ச் இடைவெளி ரெண்டு, மொத்தம் 62. சோஃபாவுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும். 12×18ல் உங்க ஃபைல் 333 பிபிஐ, அதனால நுண்புள்ளிக்கும் சண்டை போட எதுவும் இருக்காது.

ரெண்டு எச்சரிக்கை. மவுண்ட் அட்டையோட ஜன்னல் படத்தைவிடச் சின்னதா இருக்கணும், இல்லேன்னா படம் பின்னால நழுவும். பக்கத்துக்குக் கால் இன்ச் மூடும். ஓரத்தில் கையெழுத்தோ, விரல் நுனியோ, கோயில் கலசமோ இருந்தா அந்தக் கால் இன்ச் அதைத் தின்னுடும். முழுப்படமும் தெரியணும்னா லேபில் சுத்தி வெள்ளை ஓரம் விட்டு பிரிண்ட் போடச் சொல்லுங்க, மவுண்ட் அந்த வெள்ளையை மட்டும் மூடட்டும்.

அடுத்தது உயரம். நின்னு பார்க்கிற சுவரில் படத்தோட மையம் தரையில் இருந்து 57ல் இருந்து 60 இன்ச். சோஃபாவுக்கு மேலேன்னா இந்தக் கணக்கு செல்லாது. சோஃபா முதுகுக்கும் ஃபிரேமுக்கும் 6ல் இருந்து 8 இன்ச் விடுங்க, மையம் எங்க வருதோ வரட்டும். அதுக்கு மேல ஏத்தினா படம் தனியா, சோஃபா தனியா மிதக்கும்.

ஆணி அடிக்கிறதுக்கு முன்னால பழைய செய்தித்தாளை 31×43 அளவுக்கு ஒண்ணும், 19×25 அளவுக்கு மூணும் வெட்டி, டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ரெண்டு நாள் விட்டுடுங்க. எது சரின்னு கண்ணே சொல்லிடும்.

#7 வெள்ளைச்சுவர்

மூணு படம் யோசனை நல்லா இருக்கு. ஆனா என்கிட்ட நட்டுக்குத்தா ஒண்ணுதான் தேறும், மத்ததெல்லாம் படுக்கை. தனிப்படம்தான்னு வெச்சுக்கங்க. கேன்வாஸில் போட்டா கண்ணாடி, மவுண்ட் செலவெல்லாம் மிச்சமாகாதா?

#8 மூணுக்குரெண்டு

மிச்சமாகும். ஆனா படமும் மிச்சமாகிப் பின்னால போகும்.

கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்து மடிச்சு அடிப்பாங்க. ஒன்றரை இன்ச் தடிமன் சட்டம்னா பக்கவாட்டுக்கு ஒன்றரை, பின்னால பின் அடிக்க அரை, ஆக ஒவ்வொரு பக்கமும் 2 இன்ச். முன்முகம் 16×24 வேணும்னா ஃபைல் 20×28 ஆகணும். இப்போ வடிவம் 3:2 இல்லை, 7:5. உங்க 3:2 படத்தை அதில் நிரப்ப 20×30 ஆக்கி, நீளத்தில் 2 இன்ச் வெட்டி, மிச்சத்தில் நாலு பக்கமும் 2 இன்ச் மடிச்சா, முன்னால நின்னு பார்க்கிறவருக்குத் தெரியறது உயரத்தில் 80 விழுக்காடு, நீளத்தில் 80 விழுக்காடு. பரப்பில் 64. மூணில் ஒரு பங்குக்கு மேல காணோம்!

நெருக்கமா ஃபிரேம் பண்ணின படத்துக்குக் கேன்வாஸ் சொல்லாதீங்க. போட்டே ஆகணும்னா ஓரத்தைக் கண்ணாடிப் பிம்பமா திருப்பிப் போடச் சொல்லுங்க, இல்லேன்னா பக்கவாட்டைத் தனி நிறமா விடச் சொல்லுங்க. முழுப்படம் முன்முகத்திலேயே நிற்கும். ஓரத்தில் ஆள் நின்னா மட்டும் கண்ணாடிப் பிம்பம் வேண்டாம், பக்கவாட்டில் அவருக்கு இன்னொரு தோள் முளைக்கும்.

கேன்வாஸில் ஒரு சௌகரியம்: துணியோட நெசவு நுணுக்கத்தை மறைச்சுடும், 120 பிபிஐ இருந்தாலும் ஒப்பேறும்.

#9 நுண்புள்ளி

கொடுக்கும் படங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே நான் பார்ப்பது பிபிஐயை அல்ல, தலை எத்தனை மில்லிமீட்டர் வருகிறது என்பதை.

12 பேர் வரிசையாக நின்றால் ஒருவருக்குக் கிடைக்கும் அகலத்தில் ஏறக்குறைய பாதிதான் தலையின் உயரம். 4×6ல் ஆளுக்கு அரை இன்ச், தலை 6 மில்லிமீட்டர். ஒரு உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. வயதானவர்கள் கண்ணாடியைத் தேடுவார்கள். 8×12ல் தலை 12 மில்லிமீட்டர், யார் சிரிக்கிறார், யார் கண்ணை மூடியிருக்கிறார் என்று தெரியும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்தில் தலை 10 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது என் அளவுகோல். அதன்படி:

ஒருவர், இருவர், மூவர் படம்: 4×6 போதும், மேஜையில் நிற்க வைப்பதானால் 5×7.
ஐந்தாறு பேர்: 6×9 அல்லது 6×8.
பத்துக்கு மேல்: 8×12தான்.

மறுபக்கமும் உண்டு. ஒரே முகம் நிறைந்த படத்தை 20×30ல் போட்டால் முகம் நிஜத்தைவிடப் பெரிதாகிவிடும். வீட்டுக்குள் அது அன்பாகத் தெரியாது, பேனராகத் தெரியும்.

#10 கட்டையும்கண்ணாடியும்

கொடுக்கிற படத்தில் காகிதமும் கவனிக்கணும். கைக்குக் கை மாறுற படத்துக்குப் பளபளப்பு வேண்டாம், முதல் சுற்றிலேயே ரேகை எல்லாம் பதிஞ்சுடும். லஸ்டர், அதாவது மெல்லிய சொரசொரப்பு உள்ள காகிதம் நல்லது. ஃபிரேமுக்கும் அதுதான், ஜன்னல் வெளிச்சம் அடிச்சாலும் முகம் தெரியும். முழு மேட் காகிதத்தில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், கறுப்பு-வெள்ளைப் படம் போடுறவங்க பார்த்துக்கங்க.

எதுவானாலும் கண்ணாடியில் நேரா ஒட்டி வைக்காதீங்க. ஈரப்பதத்தில் படத்தோட மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிச்சா முகம் கண்ணாடியோட வரும். மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டும் இல்லை, அந்த இடைவெளிக்கும்தான். மவுண்ட் வேண்டாம்னா ஓரத்தில் மெல்லிய இடைப்பட்டை கேளுங்க.

#11 வெள்ளைச்சுவர்

நல்லவேளை கேட்டேன். போன் படத்தில் பாதி எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. அதை 12×16 போடலாமா?

#12 ஒளிமானி

போனிலிருந்து வந்த மூலப்படம் என்றால் 4032×3024, 12×16ல் 252 பிபிஐ. தாராளமாகப் போடலாம். 18×24ல் 168, சுவருக்குச் சரி.

வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பியது என்றால் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்கும். 12×16ல் அது 100 பிபிஐ, அதற்கு மேல் ஜேபெக் சுருக்கத்தின் கட்டம் கட்டமான கறைகள் வேறு. 4×6ல் நிரப்பினால் 267, அங்கே நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் அனுப்பியவரிடம் அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், மூலம் அப்படியே வரும்.

இரண்டு பொறி. டிஜிட்டல் ஜூம் செய்து எடுத்த படமும் 4032×3024 என்றுதான் காட்டும், உள்ளே இருக்கும் விவரம் அதில் ஒரு பங்குதான். போர்ட்ரெய்ட் மோடில் எடுத்ததானால் முடியின் ஓரத்தையும் மூக்குக் கண்ணாடிச் சட்டத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். திரையில் தெரியாத வெட்டு 12×16ல் தெரியும்.

#13 பழையநெகட்டிவ்

இடையில் ஒரு கேள்வி. மூன்றரைக்கு ஐந்து இன்ச் பழைய கறுப்பு-வெள்ளை பிரிண்ட் ஒன்றுதான் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கலாம்?

#14 நுண்புள்ளி

600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2100×3000 கிடைக்கும். இரண்டு மடங்கு, 7×10 வரை 300 பிபிஐ. 1200ல் ஸ்கேன் செய்வதால் காகிதத்தின் நாரும் தூசியும்தான் கூடுதலாகக் கிடைக்கும், பழைய பிரிண்டில் அதற்கு மேல் விவரம் இருப்பது அரிது. காகிதம் தேன்கூட்டு மேடு பள்ளம் உள்ளதானால் ஒருமுறை நேராகவும், ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, திருப்பி ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுங்கள், அந்தப் புள்ளிக்கோலம் பெருமளவு அடங்கும்.

பெயருக்கேற்ப நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். 35 மில்லிமீட்டர் நெகட்டிவை 4000 டிபிஐயில் எடுத்தால் சுமார் 5600×3700. 12×18 போடலாம்.

#15 மூணுக்குரெண்டு

ஆல்பத்துக்குச் சுருக்கமா. 12×18 ஆல்பத்தை விரிச்சா 12×36, அதாவது 3:1. ஒரே 3:2 படத்தை ரெண்டு பக்கத்துக்கும் இழுத்தா மேலும் கீழுமா பாதிப் படம் போகும். அகலமான காட்சிக்கு மட்டும் அதைச் செய்யுங்க. மடிப்பில் முகம் வரக்கூடாது, ரெண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைங்க. வெளி ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் போகும், எழுத்தும் தலையும் 10 மில்லிமீட்டர் உள்ளேயே இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு நாலு படத்துக்கு மேல வேண்டாம், மேல சொன்ன தலைக் கணக்குதான் காரணம்.

#16 வெள்ளைச்சுவர்

முடிவு பண்ணிட்டேன்: சுவருக்கு 24×36 தனிப்படம், குரூப் போட்டோ 8×12, மத்தது 4×6. ஆனா 24×36 போட்டுட்டு நல்லா இல்லேன்னா பணம் போச்சே. முன்னாடியே பார்க்க வழி இருக்கா?

#17 நுண்புள்ளி

இருக்கிறது, ஒரு 4×6 செலவில். 24×36ல் உங்கள் படம் 167 பிபிஐ. 4×6 இன்ச் காகிதத்தில் அதே பெரிதாக்கத்தில் 1000×667 பிக்சல்தான் விழும். மூலப்படத்தில் முகமோ, நுணுக்கம் அதிகமுள்ள இடமோ பார்த்து 1000×667 துண்டை வெட்டி, தனி ஃபைலாகச் சேமித்து, 4×6 பிரிண்ட் போடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, நிற்கப்போகும் தூரத்தில் நின்று பாருங்கள். உங்கள் 24×36ன் ஒரு துண்டு அப்படியே அங்கே இருக்கும். முகத்தில் ஒன்று, இருண்ட மூலையில் ஒன்று, வானத்தில் ஒன்று என்று மூன்று எடுத்தால் மங்கல், இரைச்சல் (இருட்டில் தெரியும் பொடிப் புள்ளிகள்), நிறப்பட்டை (வானம் பட்டை பட்டையாகப் பிரிவது) மூன்றும் வெளிப்பட்டுவிடும்.

இருண்ட மூலைத் துண்டை இரண்டாவது தடவை 0.3 ஸ்டாப் (எடிட்டிங்கில் எக்ஸ்போஷர் +0.3) வெளிச்சம் கூட்டியும் போடுங்கள். "பிரிண்ட் இருட்டாக வந்தது" என்பதற்குப் பெரும்பாலும் காரணம் திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துப் படத்தைத் திருத்துவது. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை அறை வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை திரையைக் குறைத்துவிட்டு அப்புறம் திருத்துங்கள்.

ஷார்ப்பனிங் (ஓரங்களைக் கூர்மையாக்குவது) செய்வதானால் கடைசி அளவுக்குக் கொண்டுவந்த பிறகு. நிறத்துக்கு லேப் வேறு எதுவும் சொல்லாதவரை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அமைப்பில் சேமியுங்கள்.

#18 வெள்ளைச்சுவர்

ஃபைல் ஏத்துற இடத்தில் 'ஃபிட்', 'ஃபில்' ரெண்டும் கேட்குது. எது?

#19 மூணுக்குரெண்டு

'ஃபில்' காகிதத்தை நிரப்பும், மிஞ்சினதை அதுவே வெட்டும். 'ஃபிட்' முழுப்படத்தையும் வைக்கும், மிஞ்சின இடத்தை வெள்ளையா விடும். கேமராவோட 3:2 படத்தை 8×12ல், 24×36ல் போடும்போது ரெண்டும் ஒண்ணுதான். போன் படத்தை 4×6ல் போடும்போதுதான் வித்தியாசம்: முகம் முக்கியம், மேல கீழ இடம் இருக்குன்னா நீங்களே 3:2ல் வெட்டி வெச்சுட்டு 'ஃபில்'. முழு ஆள் படம்னா 'ஃபிட்', ரெண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெள்ளை வரும், கத்தரிக்கோலால் வெட்டிக்கலாம்.

இன்னொண்ணு, 'ஆட்டோ கரெக்‌ஷன்'னு ஒரு டிக் இருந்தா எடுத்துடுங்க. சோதனைத் துண்டையும் பெரிய படத்தையும் அது வேற வேற மாதிரி வெளிச்சம் கூட்டும், 4×6ல் பார்த்தது 24×36ல் வராது.